நாய்க்குப் பொம்மை வாங்கும்போது கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள்

கடையில் பொம்மையைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாகக் கட்டைவிரல் நகத்தை அதில் நன்றாக அழுத்திப் பாருங்கள். நகம் லேசாகப் பதிந்து, விரலை எடுத்ததும் பள்ளம் மறைந்துவிட்டால் அது நாயின் வாய்க்கு ஏற்ற பொருள். நகம் பதியவே இல்லை என்றால் அட்டையில் 'உடையவே உடையாது' என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் வாங்க வேண்டாம். பொம்மை உடையாவிட்டால் அடுத்து உடைவது பல்தான். மேல்தாடையில் இரண்டு பக்கமும் பின்னால் ஒரு பெரிய பல் இருக்கும், நாய் எதையும் தலையைச் சாய்த்து அந்தப் பல்லில் கொடுத்துத்தான் கடிக்கும். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கெட்டி நைலான் எலும்பு, ஐஸ் கட்டி எல்லாமே அந்தப் பல்லின் பக்கவாட்டை ஓடு மாதிரி பெயர்த்துவிடக்கூடியவை. பல் பெயர்ந்தாலும் நாய் முனகாமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், நாம் பார்ப்பதற்குள் வேர் வரை சீழ் வைத்துவிடும்.

அதனால் என் கணக்கில் 'உறுதி' என்றால் பல்லுக்கு வளைந்து கொடுக்க வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. கெட்டியான இயற்கை ரப்பர்தான் இதற்குச் சரி. அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு ஃபிரிட்ஸ் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது, ஃபோக்ஸ்வேகன் வண்டியின் ரப்பர் பாகம் ஒன்று கையில் கிடைத்ததும் கல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து 1976இல் பிறந்ததுதான் காங் பொம்மை. அதே பிராண்டுதான் வேண்டும் என்றில்லை, நகச் சோதனையில் தேறுகிற எந்த ரப்பரும் சரி.

வாங்கப் போகும் முன் இன்னொன்று செய்யுங்கள். டேப், பின் எல்லாம் எடுத்துவிட்டு ஒரு அட்டைப்பெட்டியை நாயிடம் கொடுத்து, பக்கத்திலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சில நாய்கள் கிழித்துக் கிழித்துத் துப்பும், சில வாயில் கவ்விக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றும், சில கிழித்ததை அப்படியே விழுங்கும். விழுங்குகிற நாய் என்றால் துணி, கயிறு, பஞ்சு அடைத்த பொம்மை எதுவுமே வேண்டாம். கிழித்துத் துப்புகிற நாய்க்குக் கொடுக்கலாம், ஆனால் நீங்கள் கூடவே இருக்கும்போது மட்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் கருப்பியால். நாட்டு நாய், அப்போது இரண்டு வயது. முடிச்சுப் போட்ட கலர் கயிறு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தோம், பல்லைச் சுத்தம் செய்யும் என்று கடையில் சொன்னார்கள், நாங்களும் நம்பி வீட்டில் எப்போதும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் மஞ்சளாக வாந்தி எடுத்தாள். சாயங்காலம் தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது, மறுநாள் முதுகை வளைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள், கூப்பிட்டாலும் வரவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தபோது நீளமான நூல் ஒன்றின் ஒரு முனை இரைப்பையில் மாட்டியிருக்க, மறுமுனை குடலுக்குள் போயிருந்தது. குடல் அதைத் தள்ளத் தள்ள, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிச் சுருங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நூல் குடலை அறுத்திருக்கும் என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டாள். அதிலிருந்து கயிற்றுப் பொம்மை எங்கள் வீட்டில் அலமாரிக்குள் இருக்கும், இழுத்து விளையாடும்போது மட்டும் வெளியே வரும், ஒரு இழை பிரிந்தாலும் குப்பைக்குப் போகும். நாக்குக்கு அடியிலோ மலவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து பிடித்து இழுத்துவிடாதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். பந்து கோரைப்பற்களைத் தாண்டி வாய்க்குள் முழுசாகப் போகக் கூடாது. ராஜபாளையம், லேப்ரடார் மாதிரி பெரிய வாய்க்குச் சின்னப் பந்து தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும், எச்சில் பட்டு வழுக்குவதால் விரலால் எடுக்கவும் வராது. டென்னிஸ் பந்தை வீசிப் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மண் ஒட்டிய அந்த ரோமம் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். உள்ளே குடைவான பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஓட்டை இருக்க வேண்டும், ஒரே ஓட்டை என்றால் காற்று உறிஞ்சி நாக்கு மாட்டிக்கொள்ளும். கீச் கீச் என்று சத்தம் போடும் பொம்மையில் அந்த விசிலை எடுப்பதுதான் நாய்க்கு விளையாட்டே, எடுத்ததை விழுங்கவும் செய்யும். விளக்கு எரியும் பொம்மை வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் சில மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலிருந்து கொடுப்பவையும் இருக்கின்றன. மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை இரண்டும் குடலை அடைப்பதில் பேர் போனவை, மாம்பழ சீசனில் குப்பைக்கூடையை மூடியே வையுங்கள். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடையும். பழைய டயர் துண்டுக்குள் கம்பி இருக்கும். பழைய செருப்பைக் கொடுத்தால் புதுச் செருப்பும் தன்னுடையதுதான் என்று நாய் எடுத்துக்கொள்ளும், அப்புறம் திட்டுவது நியாயமில்லை.

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். நாய்ப் பொம்மை அந்தக் கணக்கில் வராது, அதனால் சோதனையை நாமே செய்ய வேண்டியதுதான். மூக்கருகே வைத்தால் பெயின்ட் நெடி அடிக்கிறதா, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டில் எது நடந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குட்டிக்கு 28 பால்பற்கள். நான்கு மாதம் வாக்கில் விழத் தொடங்கும், ஏழு மாதத்துக்குள் 42 பற்களும் வந்துவிடும். அதுவரை குட்டிகளுக்கென்று வரும் மெல்லிய ரப்பர் போதும்.

ரப்பர் பொம்மைக்குள் அடைக்க பீனட் பட்டர் தேடி அலைய வேண்டாம். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்பவற்றில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு விஷம். எங்கள் வீட்டில் உப்புப் போடாத ராகிக் கூழ், இல்லையென்றால் தாளிக்காத தயிர்சாதம். அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மத்தியானம் வெளியே கிளம்பும்போது கொடுப்பேன். உறைந்த கூழை நக்கி எடுக்கக் கருப்பிக்கு அரை மணிக்கு மேல் ஆகும், அதற்குள் தூக்கம் வந்துவிடும்.

படுக்கை விஷயத்தில், நாய் காலை நீட்டித் தூங்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். மெத்தையை உள்ளங்கையால் அழுத்தும்போது தரை தட்டினால் அது மெத்தையே இல்லை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி சதைப்பற்று இல்லாத நாய்கள் மொசைக் தரையிலேயே படுத்தால் முழங்கையில் முடி கொட்டிக் காய்ப்புக் காய்த்துவிடும். நம் ஊர் வெயிலுக்குத் தாழ்வான கட்டில் அருமையானது, அடியில் காற்று ஓடும், எலும்பும் தரையில் படாது. ஜெல் அடைத்த கூலிங் மேட் கடிக்கிற நாய்க்கு ஆகாது.

உறை கழற்றித் துவைக்கிற மாதிரி இருக்கட்டும். உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை, முட்டையிடுவது படுக்கையின் மடிப்பிலும் சுவர் விரிசலிலும்தான். வாரம் ஒரு முறை உறையைச் சுடுதண்ணீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். படுக்கையை எடுத்து வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள், அது நாய்க்கு நஞ்சு.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே, தெருவிலிருந்து தள்ளி இருக்கும் அறையில் ஒரு மேஜை மேல் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, அடியில் அதன் படுக்கையையும் நீங்கள் உடுத்திய பழைய லுங்கியையோ நைட்டியையோ போட்டு வையுங்கள். அதைத் துவைக்க வேண்டாம், உங்கள் வாசம் இருக்க வேண்டும். தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கேயே கொடுங்கள். இப்போதெல்லாம் முதல் வெடி எங்கேயோ கேட்கும்போதே கருப்பி தானாக எழுந்து அந்த மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.