டி-34 மாடலின் கோபுரத்துக்குச் சொரசொரப்பு

இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கியான டி-34-85-ஐ 1/35 அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்கிறீர்களா? பெயின்ட் அடிக்கும் முன் கோபுரத்தை, அதாவது பீரங்கி பொருத்திய சுழலும் மேற்பகுதியை, தடவிப் பாருங்கள். பல கிட்களில் சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும். நிஜக் கோபுரமோ வார்த்தெடுத்த எஃகு, நன்றாகவே சொரசொரக்கும்.

திரவ பிளாஸ்டிக் பசையை ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு மட்டும் தடவுங்கள். சில நொடிகளில் மேற்பரப்பு இளகும். முடியை ஒட்ட வெட்டிய பழைய பிரஷ்ஷால் உடனே செங்குத்தாகக் குத்துங்கள். இழுத்தால் கோடு விழும். அப்புறம் அடுத்த இடம். ஒரு நாள் காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் முனைகளை மட்டும் லேசாகத் தேயுங்கள். பசையின் நெடி அதிகம். நான் அல்சூர் வீட்டு பால்கனியில்தான் இதைச் செய்கிறேன். டாங்கியின் உடலைத் தொடாதீர்கள், அது உருட்டிய தகடுகளைப் பற்றவைத்தது, வழவழப்புதான் சரி.

டாங்கி மேல் ஏறிப்போன காலாட்படையினர் பிடித்துக்கொண்ட கைப்பிடிகளையும் மாற்றிவிடுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 0.5 மி.மீ. செம்புக் கம்பி கிடைக்கும். நிஜ அளவில் அது 17.5 மி.மீ. தடிமன். கண்ணாடி மேல் வைத்து ஸ்டீல் ஸ்கேலால் உருட்டினால் கம்பி நேராகும். கிட்டின் கைப்பிடியையே அளவாக வைத்து வளையுங்கள். உலோகத்தை பிளாஸ்டிக் பசை பிடிக்காது, ஃபெவிக்விக் ஒரு துளி போதும்.