பூச்சிமருந்து விஷம்: பாம் ஊசி, பிளாஸ்மா, மூன்றாம் நாள் கழுத்து

வயலுக்கு மருந்தடித்து மயங்கி விழுந்தவர்களையும், குடித்துவிட்டு வந்தவர்களையும் இருபது வருஷமாக ஐசியூவில் பார்க்கிற நர்ஸ் நான். கூட வரும் சொந்தக்காரர்களிடம் தினமும் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

108-ஐக் கூப்பிட்ட கையோடு சட்டை, கைலியைக் கழற்றிவிடுங்கள். உங்கள் கையில் பிளாஸ்டிக் கவராவது மாட்டிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டு தலைமுடி, நகக்கண், காதுக்குப் பின்னால் எல்லாம் கழுவ வேண்டும். அரைஞாண் கயிற்றை மறக்காமல் அறுத்துப் போடுங்கள். ஒருவரை இரண்டு தடவை துடைத்தும் மருந்து வாடை போகவில்லை. கடைசியில் பார்த்தால் இடுப்பில் அந்தக் கயிறு மருந்தில் ஊறிக் கிடந்தது. உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள். நினைவு தப்புகிறவருக்கு அது நேராக நுரையீரலுக்குள் இறங்கும். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். டப்பா காலியாக இருந்தாலும் எடுத்து வாருங்கள்.

டப்பா எதற்கு? நரம்பு தசைக்கும் சுரப்பிகளுக்கும் அனுப்பும் சேதி அசிட்டைல்கோலின். சேதி போய்ச் சேர்ந்ததும் அதை அழிக்கிற நொதி கோலினெஸ்டரேஸ். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகும், நெஞ்சில் சளி நுரைக்கும். கார்போபியூரான் குருணை என்றால் நொதி தானாகவே விடுபட்டுவிடும். பாராகுவாட் களைக்கொல்லி என்றால் கதையே வேறு, கீழே சொல்லும் ஊசி வைத்தியம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

முதலில் உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரோபின். அது நொதியைத் தொடுவதில்லை, சேதி போகிற வாசலைத்தான் அடைக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கொரு முறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவோம். நெஞ்சுச் சளி அடங்க வேண்டும், நாடி 80-ஐத் தாண்ட வேண்டும், அக்குள் காய வேண்டும். நாங்கள் அடிக்கடி அக்குளில் கை வைப்பது அதைப் பார்க்கத்தான். நோயாளி உளறிக்கொண்டு பெட்ஷீட்டைப் பிய்த்தாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே சொல்லுங்கள். அட்ரோபின் கூடிப்போயிருக்கலாம்.

நொதிக்கான வைத்தியம் என்றால் ‘பாம்’ ஊசி, அதாவது பிராலிடாக்ஸைம். ஒட்டிய விஷத்தைப் பிய்த்து நொதியை விடுவிப்பது அதன் வேலை. ஆனால் நேரமாக ஆக அந்த ஒட்டு கெட்டிப்பட்டுவிடும். மோனோகுரோட்டோபாஸ், டைமீத்தோயேட் வகையில் நாலு மணி நேரத்துக்குள்ளேயே பாதி நொதி கைவிட்டுப் போகும். குளோர்பைரிபாஸ் வகையில் ஒரு நாளுக்கு மேல் அவகாசம் உண்டு. டப்பா கேட்பது இதற்காகவும்தான். 2006-இல் மகாராஷ்டிராவின் பாராமதியில் செய்த ஆய்வில் அதிக அளவு பாம் நன்றாக வேலை செய்தது. 2009-இல் வந்த இலங்கை ஆய்வில் பலன் தெரியவில்லை. அதனால் டாக்டர் பாம் போடவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை ஏற்றுகிற கதையும் அப்படித்தான். அதில் கோலினெஸ்டரேஸ் இருப்பது உண்மை. ஏற்றிப் பார்த்த வேலூர் சிஎம்சி ஆய்வில் ரத்தத்தில் அளவு கூடியதே தவிர, சாவு குறையவில்லை. யாரோ சொன்னார்கள் என்று தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கிளம்பிய ஒரு அம்மாவை நான் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். பாக்டீரியாவிலிருந்து எடுத்த, விஷத்தையே உடைக்கிற நொதி ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பூச்சிமருந்து கலந்த கழிவுநீரைச் சுத்தம் செய்ய அதை உபயோகித்திருக்கிறார்கள். நோயாளிக்குப் போடும் ஊசியாக அது வார்டுக்கு வரவில்லை.

ரிப்போர்ட்டில் கோலினெஸ்டரேஸ் எண் மறுநாளே ஏறவில்லை என்று அழாதீர்கள். விஷம் வெளியேறிய பிறகு கல்லீரலில் ஊறும் நொதி நாளுக்குச் சுமார் 7 சதவீதம்தான் திரும்பும். சிவப்பணுவில் இருப்பது நாளுக்கு 1 சதவீதம்கூடத் தேறாது. அதுவரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. உங்கள் வேலையும் அதுதான்.

எனக்குப் பயம் முதல் ராத்திரியைவிட மூன்றாம் நாள்தான். "சிஸ்டர், அண்ணன் நல்லாப் பேசுது, கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்று ஒரு தம்பி வந்து நின்றான். அண்ணனும் சிரித்தார். "தலையணையிலேருந்து தலையைத் தூக்குங்கண்ணே" என்றேன். தாடை மட்டும் கொஞ்சம் அசைந்தது, தலை எழும்பவில்லை. அரை மணி நேரத்தில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தோம், ஒன்பது நாள் கிடந்தார், பிழைத்தார். ஒரு நாளிலிருந்து நாலு நாளுக்குள் வரும் இந்தத் தசைத் தளர்ச்சிக்கு 1987-இல் ‘இன்டர்மீடியட் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்து விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்கள். சில மணி நேரத்துக்கொரு முறை தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால், குரல் கம்மினால், எங்களைக் கத்திக் கூப்பிடுங்கள்.

மருந்தடித்து விழுந்தவர், டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பிரேயரைத் தொடக்கூடாது. குடித்து வந்தவர் என்றால் கட்டில் பக்கத்தில் நின்று "ஏன் இப்படிப் பண்ணே" என்று குடையாதீர்கள். மனநல மருத்துவர் பார்க்காமல் கூட்டிப் போகாதீர்கள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒருவர் முன்னாலேயே வீட்டுக்குப் போய், பரணிலும் மாட்டுக்கொட்டகையிலும் மிச்சமிருக்கிற மருந்து டப்பாக்களை அங்கிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள்.