வார்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வைட்டல்ஸ் (பி.பி., நாடி, மூச்சு, காய்ச்சல், ஆக்ஸிஜன்) பார்ப்பது எப்படி?

முதல் வாரத்தில் எல்லோருக்கும் கை நடுங்குவது பி.பி. பார்க்கும்போதுதான். அதிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: உட்கார வையுங்கள்

படியேறி வந்தவரின் கையில் உடனே கஃப் (பி.பி. கருவியின் காற்றுப்பட்டை) சுற்றாதீர்கள். 5 நிமிடம் உட்காரட்டும். டீ, காபி, பீடி எதுவானாலும் அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் பி.பி. ஏறும்; போய்விட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும்.

படி 2: கஃப்

பருத்த கையில் சின்ன கஃபை இழுத்துக் கட்டினால், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். தேவையில்லாத மாத்திரை அங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளிருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வரவேண்டும். முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, சட்டைக் கைமேல் இல்லாமல் தோல்மேல் கட்டுங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைத்த ஆபரேஷன்) போட்ட கையில் கட்டவே கூடாது. கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

படி 3: முதலில் விரல், பிறகு ஸ்டெத்

மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றை ஏற்றுங்கள். நாடி மறையும் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு காற்றை முழுக்க விடுங்கள். அரை நிமிடம் கழித்து ஸ்டெத்தை முழங்கை மடிப்பில் வைத்து, அந்த எண்ணுக்கு மேல் 30 வரை ஏற்றுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். சிலருக்குச் சத்தம் நடுவில் காணாமல் போய்த் திரும்பி வரும். விரல் வைக்காமல் போனால் 180 உள்ளவருக்கு 150 என்று எழுதிவிடுவோம்.

இனி நொடிக்கு 2 மி.மீ. அளவில் மெல்ல இறக்குங்கள். முதல் ‘டக்’ மேல் எண். சத்தம் அடியோடு நிற்கும் இடம் கீழ் எண். ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-ல் சொன்ன முறைதான் இது. நடுவில் பேச்சு வந்தால், “பாட்டி, ஒரு நிமிஷம் பேசாம இருங்க, முடிச்சிட்டுக் கேக்கறேன்” என்று சொல்லுங்கள். பேசினாலும் எண் ஏறும்.

படி 4: நாடியும் மூச்சும்

நாடியை இரண்டு விரலால் பாருங்கள். கட்டைவிரல் வேண்டாம், உங்கள் துடிப்பே அதில் தெரியும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100. துடிப்பு தாளம் தப்பினால் முழு நிமிடமும் எண்ணுங்கள்.

எண்ணி முடித்ததும் கையை விடாதீர்கள். நாடி பார்ப்பதுபோலவே பிடித்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தாலே மூச்சு மாறிவிடும். 12 முதல் 20 சரியான அளவு. எத்தனையோ சார்ட்டில் எல்லாப் படுக்கைக்கும் 18, 18, 18 என்றிருப்பதைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது. உடம்பு மோசமாகப் போகும்போது பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். தயவுசெய்து எண்ணி எழுதுங்கள்.

படி 5: காய்ச்சல், ஆக்ஸிஜன்

தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தால் வாயைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். எங்கே வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் 95 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். நெயில் பாலிஷோ அடர்ந்த மருதாணியோ இருந்தால், கை சில்லிட்டிருந்தால், வேறு விரலில் மாட்டிப் பாருங்கள். கையைச் சூடாக்கியும் பார்க்கலாம்.

பி.பி.யின் மேல் எண் 90-க்குக் கீழே, அல்லது 180-க்கு மேலே. மூச்சு 25 அல்லது அதற்கு மேல். ஆக்ஸிஜன் 92-க்குக் கீழே. இதில் ஒன்று வந்தாலும் சார்ட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், பிறகு எழுதுங்கள்.