மூலக்கூறு அசைபடத்தில் நாம் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் வாளையாருக்கு அப்பால் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களின் கருத்தரங்க உரைகளைக் கேட்டேன். பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள், மீதிப் பேர் மலையாளிகள். மூன்று பேர், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினை எடுத்து அதன் அசைபடத்தைக் காட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு மூவரின் திரையிலும் ஓடியது. வீடியோ நின்றுபோவது, எழுத்து சிறிதாக இருப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமே திருந்திவிடும்.

ஓயாமல் சுற்றவிடுவது

முழு வட்டம் சுற்றும் புரதத்தில் பாதி நேரம் ஹீம் (ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்பு உள்ள தட்டையான பகுதி) பின்பக்கம் போய்விடுகிறது. "இங்கே பாருங்கள்" என்று நீங்கள் சொல்லும்போது அது அங்கே இருப்பதில்லை. ஊஞ்சல் போல இருபுறமும் சிறிது ஆட்டினால் போதும். ஆழமும் தெரியும், இடமும் கண்ணை விட்டு நழுவாது. மூலக்கூறுகளை வரைந்து காட்டும் பைமால் மென்பொருளில் இதற்கென்றே 'ராக்' என்ற கட்டளை இருக்கிறது.

கணினி நிரப்பியதை நடந்ததாகச் சொல்வது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஒரு கோப்பு, ஆக்சிஜன் ஏறியது இன்னொரு கோப்பு. இரண்டும் படிக ஆய்வில் கிடைத்த உண்மையான வடிவங்கள். இவற்றைக் கொடுத்து 'மார்ஃப்' செய்யச் சொன்னால், அதாவது ஒன்றை இன்னொன்றாக உருமாற்றிக் காட்டச் சொன்னால், மென்பொருள் நடுவில் முப்பது, நாற்பது ஃபிரேம்களை வரைந்து தருகிறது. எளிய வகை மார்ஃபில் ஒவ்வோர் அணுவும் தொடக்க இடத்திலிருந்து முடிவிடத்துக்கு நேர்க்கோட்டில் நகர்கிறது, அவ்வளவுதான். அந்த நடுப் ஃபிரேம்களை எந்த ஆய்வும் பார்த்ததில்லை.

இது தெரியாமல் ஒரு மாநாட்டில் நான் வேறொரு புரதத்தின் மார்ஃபைக் காட்டினேன். அதில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தின் வளையம் ஒன்று கோடு போலச் சுருங்கி மீண்டும் விரிந்தது. "வாசல் திறக்கிறது" என்று விளக்கினேன். முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர், இரண்டு கோப்புகளிலும் அந்த வளையத்து அணுக்களின் பெயர்கள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டார். இல்லை. வளையத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு கோப்பில் பெயர்கள் இடம் மாறியிருந்தன. வளையம் அசையவே இல்லை. அதற்குப் பிறகு நான் காட்டிய சரியான முடிவுகளையும் அந்த அரங்கில் யாரும் நம்பவில்லை. இரண்டு ஆண்டு உழைப்பு அப்படிப் போயிற்று.

ஹீமோகுளோபினில் கெடுதல் வேறு வகையானது. ஆக்சிஜன் சேரும்போது இரும்பு அணு ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) நகர்ந்து ஹீமின் தளத்துக்குள் வருகிறது, அருகிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தையும் இழுக்கிறது. ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகள் இரண்டு ஆல்ஃபா-பீட்டா இணைகளாக இருக்கின்றன; அவற்றில் ஓர் இணை மற்றதைப் பொறுத்துச் சுமார் 15 பாகை திரும்புகிறது. மார்ஃபிலோ எல்லாம் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிகிறது. எது எதை இழுத்தது என்பதே அழிந்துவிடுகிறது. நாம் மேடையேறியதே அதைச் சொல்லத்தானே?

எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் சென்னையில் இருந்தபடி 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியாது என்று காட்டுகிறது. சங்கிலி பெரிதாக மடங்கும் மார்ஃபின் நடுப் ஃபிரேம் ஒன்றை அதில் இட்டுப் பாருங்கள். புள்ளிகள் தடை செய்யப்பட்ட பகுதிகளில் போய் விழக்கூடும்.

மார்ஃபே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் இணையை அசையாமல் பொருத்திவிட்டு மற்றது திரும்புவதைக் காட்டுங்கள். இரு முனைகளிலும் மூன்று விநாடி நிறுத்துங்கள். நடுப்பகுதி ஓடும்போது "இடைநிலை கணினி நிரப்பியது" என்ற வரி திரையிலேயே இருக்கட்டும். வாயால் சொன்னால் போதாது, படம் மட்டும் தனியாகப் பகிரப்படும்.

பாதி மூலக்கூறு

புரதத் தரவு வங்கியில் ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினின் 4எச்எச்பி கோப்பில் நான்கு சங்கிலிகளும் உண்டு. ஆக்சிஜன் ஏறியதன் 1எச்எச்ஓ கோப்பில் இரண்டுதான், மீதியைச் சமச்சீர் கொண்டு உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த மூவரில் ஒருவர் அப்படிச் செய்யாமல் நான்கு சங்கிலிகளை இரண்டாக உருமாற்றிக் காட்டினார்.

காலத்தைச் சொல்லாதது

ஹீமோகுளோபினின் இந்த வடிவ மாற்றம் உண்மையில் சில பத்து மைக்ரோவிநாடிகளில் முடிகிறது. 20 மைக்ரோவிநாடியை 10 விநாடிக்கு இழுத்தால் 5 லட்சம் மடங்கு மெதுவாக்கியிருக்கிறீர்கள். அந்த எண்ணை ஓரத்தில் போடுங்கள்.

சிவப்பும் பச்சையும்

ஒரே படத்தில் வேண்டாம். அரங்கில் சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

தண்ணீர் மூலக்கூறுகள்

பேச்சில் இல்லையென்றால் படத்திலும் வேண்டாம்.