பழைய மைவியோ ஆக்சியாவோ வாங்கணும்னா டைஹாட்சு கதைய தெரிஞ்சுகிட்டு காடிய பாருங்க

கோலாலம்பூர்ல செந்தூல், கெப்போங், ஜாலான் ஈப்போ பக்கம் எந்த செகண்ட் ஹேண்ட் காடி கடைக்குப் போனாலும் முன் வரிசையில நிக்கிறது நம்ம மலேசியா கம்பெனி பெரோடுவாவோட மைவி, ஆக்சியா, பெஸ்ஸா தான். நம்ம வீட்டுப் பிள்ளைங்க வேலைக்குப் போனதும் எடுக்கிற முதல் காடியும் பெரும்பாலும் அதுல ஒண்ணாத்தான் இருக்கும். கடைக்காரர் சொல்ற வசனமும் ஒண்ணுதான், "ஜப்பான் இன்ஜின் பாஸ், ஒண்ணும் ஆகாது". அது பாதி உண்மை லா. எந்தப் பாதி உண்மை, மீதிய நீங்களே எப்படி பாத்துக்கணும்னு சொல்லத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஆனா 9 வருஷம் வரைக்கும் லோன் கட்டப் போற பொருள், பொறுமையா படிங்க.

முதல்ல அந்த "ஜப்பான்" யாருன்னு பாப்போம். பெரோடுவாவுக்குப் பின்னாடி இருக்கிறது டைஹாட்சு. 1907ல ஒசாகாவுல ஆரம்பிச்சது, அப்ப பேரு ஹட்சுடோக்கி சேய்ஸோ, அந்த ஊர் தொழில்நுட்பக் கல்லூரி பேராசிரியர்கள் முன்ன நின்னு, வெளிநாட்டு இன்ஜினையே நம்பி இருக்க வேணாம் நம்ம நாட்டுலயே செய்வோம்னு ஆரம்பிச்ச கம்பெனி. இத மனசுல வச்சுக்குங்க, அவங்க காடி கம்பெனியா பொறக்கல, இன்ஜின் செய்றவங்களாத்தான் பொறந்தாங்க, காடி பின்னாடி வந்துச்சு. 1930கள்ல மூணு சக்கர சரக்கு வண்டி, 1951ல டைஹாட்சுங்கிற பேரு, 1957ல மிட்ஜெட்னு ஒரு குட்டி மூணு சக்கர வண்டி, அதுதான் தாய்லாந்துக்குப் போய் துக் துக் பரம்பரையில சேந்துச்சு. 1967ல டொயோட்டாவோட கூட்டு, 1998ல பெரும்பான்மை பங்கு டொயோட்டா கைக்குப் போச்சு, 2016ல முழுசாவே போயிடுச்சு.

இப்ப நமக்கு வேண்டிய இடம். ஜப்பான்ல கேய் கார்னு சின்ன காடிக்கு ஒரு தனி சட்டம் இருக்கு, அளவு தாண்டாம செஞ்சா வாங்குறவனுக்கு வரி கம்மி. 1990ல அந்த வரம்பு 660 சிசி, நீளம் 3.3 மீட்டர். அந்த வரம்புக்குள்ள நாலு பேர உக்கார வச்சு, ஏர்கோன் போட்டு, பெட்ரோலும் மிச்சம் பண்ணணும்னா எடைய குறைக்கணும், பாகத்த குறைக்கணும், இன்ஜின எளிமையா வைக்கணும், வேற வழியே இல்ல. டைஹாட்சு பல வருஷமா போட்டி போட்டது அந்த சந்தையிலதான். 1993ல பெரோடுவா ஆரம்பிச்சு, 1994ல ராவாங் பக்கத்துல சுங்கை சோ ஆலையில இருந்து முதல் கான்சில் வந்தப்ப, அது டைஹாட்சு மீராவோட உடம்பு, 660 சிசி மூணு சிலிண்டர் இன்ஜின். கான்சில் ஏன் அவ்வளவு குட்டின்னு கேட்டா ஜப்பான் வரிச் சட்டம்தான் பதில்.

அந்த சின்ன இன்ஜின் நமக்கும் காசு மிச்சம் பண்ணுது. தீபகற்ப மலேசியாவுல தனியார் சலூன் காடிக்கு 1000 சிசி வரைக்கும் ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), மைவி 1.3னா 70 வெள்ளி, 1.5னா 90 வெள்ளி. பாகம் எளிமையா இருக்கிறதால தாமான் முனையில இருக்கிற போமனுக்கே (மெக்கானிக்) எல்லாம் அத்துப்படி, சாமான் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலயும் கெடைக்கும். டைஹாட்சு நல்ல பேரு எடுத்தது இதுலதான், வேகத்துலயோ சொகுசுலயோ இல்ல. அமெரிக்காவுல 1988ல போய் 1992லயே திரும்பி வந்துட்டாங்க, 2013ல ஐரோப்பாவையும் விட்டுட்டாங்க. அதனால உலகம் பூரா கொண்டாடுற பிராண்டுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆனா கேஎல் ஜாமுக்கும் நம்ம வருமானத்துக்கும் இது ரொம்பப் பொருந்தும், அத நான் மனசாரச் சொல்வேன்.

சரி, எந்தத் தலைமுறைய பாக்கிறது.

கான்சில், கெலிசா இதெல்லாம் இப்ப ஆசைக்கு வச்சிருக்கிறவங்களுக்குத்தான். கான்சில்ல டைமிங் பெல்ட், எப்ப மாத்தினாங்கன்னு ஆதாரம் இல்லன்னா வாங்கின உடனே மாத்திடுங்க, ஏர்பேக் கிடையாது, குடும்பத்த ஏத்திகிட்டு நெடுஞ்சாலையில போறதுக்கு நான் சொல்ல மாட்டேன்.

2005ல வந்த முதல் மைவி டைஹாட்சு பூனோட, டொயோட்டா பாஸ்ஸோவோட கூடப் பொறந்தது. அதுல 1.3 இன்ஜின் கே3-விஇ, டொயோட்டா அவான்ஸாவுலயும் அதே இன்ஜின் ஓடுச்சு, பெல்ட் இல்ல செயின், அதனால அத மாத்துற செலவு சுலபமா வராது. இந்தக் காடிதான் டைஹாட்சு இன்ஜினோட பேர நம்ம ஊர்ல நிலைநாட்டினது, எண்ணெய ஒழுங்கா மாத்தினவங்க கையில இன்னமும் ஓடிகிட்டிருக்கு. வயசு ஆயிடுச்சுங்கிறதால வால்வ் கவர் ஓரத்துல எண்ணெய் கசிவு, சக்கரத்துப் பக்கம் குலுக்கல தாங்குற அப்சோபர், லோவர் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் பக்கம் டொக் டொக் சத்தம், இதெல்லாம் பாருங்க. இதுல பெரும்பாலும் பயப்பட வேண்டியது இல்ல, விலையில கழிக்க வேண்டியது.

2014 ஆக்சியாவுல 1கேஆர் இன்ஜின், 998 சிசி மூணு சிலிண்டர், டைஹாட்சு வடிவமைச்ச குடும்பம், அதோட டொயோட்டா பதிப்பு 2007லேருந்து 2010 வரைக்கும் தொடர்ந்து ஒரு லிட்டருக்குக் கீழ உள்ள பிரிவுல உலக அளவுல சிறந்த இன்ஜின்னு விருது வாங்கினது. மூணு சிலிண்டர்னா நிக்கும்போது லேசா நடுங்கத்தான் செய்யும், அது நோய் இல்ல. ஆனா கியர் டி-ல போட்டு பிரேக்க மிதிச்சிருக்கும்போது டாஷ்போர்டே ஆடுதுன்னா இன்ஜின் மவுண்டிங் போயிருக்கலாம்.

கையில கொஞ்சம் காசு இருந்தா, கொழந்த இருக்கிற வீடா இருந்தா, நான் சொல்றது 2017 நவம்பர்ல வந்த மூணாவது மைவிதான். குறைஞ்சது 4 ஏர்பேக், விஎஸ்சி (காடி வழுக்காம பிடிச்சு நிறுத்துறது) எல்லா வேரியண்ட்லயும் இருக்கு, காடிய மோதிப் பாத்து மார்க் போடுற ஆசியான் என்கேப்ல 5 ஸ்டார். முதல் மைவிக்கும் இதுக்கும் விலை வித்தியாசம் பெருசுதான், ஆனா அந்த வித்தியாசம் இன்ஜினுக்கு இல்ல, மோதினா உள்ள இருக்கிறவங்களுக்கு. 2021 கடைசியில ஃபேஸ்லிஃப்ட் வந்தப்ப பழைய 4 ஸ்பீட் ஆட்டோவ எடுத்துட்டு டி-சிவிடி (படி படியா மாறாத ஆட்டோ கியர்) போட்டாங்க, பெட்ரோல் மிச்சம், ஆனா சிவிடி காடின்னா சர்வீஸ் ரெக்கார்ட் கட்டாயம் கேளுங்க, சிவிடி எண்ணெய கண்டத ஊத்தியிருந்தா பின்னாடி அழப் போறது நீங்கதான்.

இனி மறைக்கக் கூடாத விஷயம் ஒண்ணு. 2023 ஏப்ரல்ல, உள்ளேருந்தே வந்த ஒரு தகவலால டைஹாட்சு ஒத்துக்க வேண்டியதாச்சு: பக்கவாட்டு மோதல் டெஸ்ட்டுக்கு அனுப்பின காடிங்களோட கதவு உள்பக்க பிளாஸ்டிக்ல, விக்கிற காடியில இல்லாத ஒரு வெட்டு போட்டு அனுப்பியிருக்காங்க, உடையும்போது கூர்மையா நீட்டிகிட்டு வராம இருக்கிறதுக்காக. மொத்தம் 88,123 காடி, அதுல நம்ம பெரோடுவா ஆக்சியாவும் உண்டு. அதே வருஷம் டிசம்பர் 20ல தனி விசாரணைக் குழு அறிக்கை வந்துச்சு, 64 மாடல், புதுசா 174 முறைகேடு, ஆகப் பழசு 1989லேருந்து. ஏர்பேக் டெஸ்ட்ல மோதல உணர்ந்து தானா வெடிக்க வேண்டிய ஏர்பேக்க டைமர் வச்சு வெடிக்க வச்சிருக்காங்க. குழு சொன்ன காரணம், அளவுக்கு மீறி இறுக்கமான கால அட்டவணை, தப்பு நடந்தா மேல சொல்ல முடியாத சூழ்நிலை. ஜப்பான்ல அத்தன ஆலையும் நின்னு, 2024 பிப்ரவரியிலதான் மெதுவா திறந்தாங்க, தலைவரும் மாறினாரு, புதுசா டொயோட்டா தரப்புலேருந்து வந்தாரு.

இதக் கேட்டு எனக்கு கோபம் வந்துச்சு, இப்பவும் இருக்கு, ஏன்னா நம்ம மக்கள் அந்தப் பேர நம்பி பிள்ளைங்கள பின் சீட்டுல உக்கார வைக்கிறாங்க. அதுக்காக மைவி இன்ஜின் திடீர்னு கெட்டுப் போயிடல, இன்ஜின் நல்லா உழைக்குதாங்கிறது வேற, மோதினா காப்பாத்துமாங்கிறது வேற, இது ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். பாதுகாப்புக்கு கம்பெனி சொல்றத மட்டும் நம்பாம ஆசியான் என்கேப் மாதிரி வெளியாள் மோதிப் பாத்த முடிவ அந்த மாடல், அந்த வருஷம் போட்டுத் தேடிப் பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர எழுதிகிட்டு பெரோடுவா சர்வீஸ் சென்டர்ல ரீகால் ஏதும் பாக்கி இருக்கான்னு கேளுங்க.

அடுத்து காடிய நேர்ல பாக்கிறது. காலையில போங்க, இன்ஜின் ஆறியிருக்கணும், "சூடு பண்ணி வைக்காதீங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. போய் போனட்ட தொட்டா சூடா இருந்துச்சுன்னா காத்திருங்க, இல்ல இன்னொரு நாள் வரேன்னு சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. ஆறின இன்ஜின ஸ்டார்ட் பண்ணும்போதுதான் செயின் சத்தம், நீலப் புகை, நடுக்கம் எல்லாம் தெரியும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியத் தொறந்து பாருங்க (ஆறியிருந்தா மட்டும்), தண்ணி துரு நெறத்துலயோ எண்ணெய் மிதந்தோ இருந்தா அங்கேயே நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

வெள்ளத்துல மூழ்கின காடி, இதுல நான் ரொம்ப கண்டிப்பு. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் தண்ணி ஏறினப்ப எத்தன காடி மூழ்குச்சுன்னு எல்லாரும் பாத்தோம், கழுவித் தொடச்சா வெளிய தெரியாது. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, யாரும் அத முழுசா கழுவ மாட்டாங்க, சேறு கோடு அங்க நிக்கும். கார்பெட்ட தூக்கி அடியில மோந்து பாருங்க, சீட்டு அடி கம்பியில துரு, ஸ்பேர் டயர் குழியில மண்ணு, ஃபியூஸ் பெட்டியில பச்சையா பூத்திருக்கிறது, இதுல ரெண்டு கண்ணுல பட்டா விலை எவ்வளவு கொறைச்சாலும் வேணாம்.

ஓட்டிப் பாக்கிறது ஜாலான் ஈப்போல ஒரு சுத்து சுத்திட்டு வர்றது இல்ல. ஏர்கோன முழுசா போட்டு, ஆள ஏத்திகிட்டு, மேடு ஏறணும், கேஎல்ல இருந்தா உலு கிளாங் பக்கம் புக்கிட் அந்தாராபங்சா ஏறுங்க, பினாங்குல இருந்தா பாயா தெருபோங் வழியா பாலிக் பூலாவ் பக்கம். சின்ன இன்ஜின் முக்கும், அது சரி, ஆனா கியர் மாறும்போது உதைக்கக் கூடாது, டெம்பரேச்சர் எச்சரிக்கை வரக் கூடாது. எறங்கும்போது ரேடியோவ அணைச்சுட்டு பிரேக் சத்தத்தக் கேளுங்க. அப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச போமன் கிட்ட ஏத்தி, தூக்கி வச்சு அடியில பாக்கச் சொல்லுங்க, அதுக்குக் குடுக்கிற காசு வீண் இல்ல. கடைக்காரர் காடிய வெளிய விட மாட்டேன்னு சொன்னா வேற கடை.

பேப்பர் விஷயம். கெரான்ல (காடி பதிவுப் பத்திரம்) இருக்கிற சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டையும் காடியில இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, பெரோடுவா நம்பர் பிஎம்2ன்னு ஆரம்பிக்கும். நம்பர் மேல வெல்டிங் தடம், சொரண்டின தடம் இருந்தா வெட்டி ஒட்டின காடியா இருக்கலாம். பேங்க் லோன் பாக்கி இருக்கா, சம்மன் இருக்கான்னு பாருங்க. பேர் மாத்தத்துக்கு புஸ்பாகோம் மாதிரி அங்கீகாரம் உள்ள நிலையத்துல பி5 பரிசோதனை வேணும், அதுல பாஸ் ஆனா அடையாளமும் சட்டத் தேவையும் சரின்னு அர்த்தம், இன்ஜின் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, இத நெறைய பேரு குழப்பிக்கிறாங்க.

"சம்போங் பாயார்"னு மலிவா வர்ற விளம்பரத்துக்குப் பக்கத்துலயே போகாதீங்க. மாசா மாசம் நீங்க கட்டுவீங்க, கெரான்ல பேரு இன்னொருத்தருது, அவர் லோன்ல ஏதாவது ஆச்சுன்னா பேங்க் காடிய இழுத்துகிட்டுப் போகும், உங்க கையில ஒரு துண்டுக் காகிதம் கூட இருக்காது. இதுல மாட்டிகிட்டது எல்லாம் வசதி இல்லாத நம்ம பிள்ளைங்கதான், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க, என்சிடி (கிளெய்ம் பண்ணாதவங்களுக்குக் கெடைக்கிற தள்ளுபடி) காடிக்கு இல்ல ஆளுக்கு, பழைய ஓனரோட 55 சதவீதம் உங்களுக்கு வராது, உங்க பேர்ல என்சிடி இல்லன்னா முதல் வருஷம் முழுக் கட்டணம்னு கணக்குப் போட்டு வச்சுக்குங்க. காடி கைக்கு வந்ததும் இன்ஜின் எண்ணெய், கியர் எண்ணெய், கூலன்ட், பிரேக் எண்ணெய் நாலையும் மாத்திடுங்க, சர்வீஸ் பண்ணிட்டோம்னு கடைக்காரர் சொன்னாலும் சரி. டயர் ஓரத்துல கடைசி 4 எண்ணப் பாருங்க, முதல் ரெண்டு எண் எந்த வாரம்னு, அடுத்த ரெண்டு எண் எந்த வருஷம்னு காட்டும், 2218ன்னு இருந்தா 2018ல செஞ்ச டயர், பட்டன் (டயர் மேல இருக்கிற வரி) நல்லா இருந்தாலும் மழையில அத நம்பி எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில போக வேணாம். இந்த செலவுக்கு ஒரு தொகைய முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடியே ஒதுக்கி வச்சுட்டு அப்புறம் விலை பேசப் போங்க.