அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் பாலிசியைப் பாருங்கள்: மருத்துவக் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் காலையிலேயே சொல்லிவிடுகிறார். மாலை வரை காத்திருந்த பிறகு காப்பீட்டுப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது. 1,50,000 ரூபாய் பில்லில் காப்பீட்டு நிறுவனம் 98,000 ரூபாய்க்குத்தான் ஒப்புதல் அளித்திருக்கிறது; மீதி 52,000 ரூபாயைக் கட்டினால்தான் டிஸ்சார்ஜ். காப்பீட்டுத் தொகை 3 லட்சம் இருக்கும்போது அதில் பாதியைக்கூட முழுதாகத் தராதது ஏன் என்று அந்தக் குடும்பம் திகைத்து நிற்கிறது. இதற்கான விடையை அன்றைய பில்லில் தேடிப் பயனில்லை. நோயாளியைச் சேர்த்த நாளில் எந்த அறையைக் கேட்டோம், பாலிசி எடுத்த நாளில் விண்ணப்பத்தில் என்ன எழுதினோம் என்ற இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் அது கிடைக்கும்.

முதலில் அறை. பல பாலிசிகளில், குறிப்பாக அலுவலகங்கள் எடுத்துத் தரும் குழுப் பாலிசிகளில், நாள் வாடகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்பது பரவலாகக் காணப்படும் வரம்பு. 3 லட்சத்துக்கு அது 3,000 ரூபாய். நாள் வாடகை 6,000 ரூபாயுள்ள அறையில் 4 நாள் தங்கியவர், கூடுதலான 12,000 ரூபாயைத் தான் கொடுத்தால் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர அறுவைச் சிகிச்சைக் கட்டணமும் மருத்துவர் பார்வைக் கட்டணமும் சேர்ந்தே உயர்கின்றன. அதனால், தகுதிக்கு மேற்பட்ட அறை எடுத்தவருக்கு அந்தக் கட்டணங்களையும் வாடகையைப் போலவே அதே விகிதத்தில் (இங்கே 6,000-க்கு 3,000, அதாவது பாதி) குறைத்துத் தரலாம் என்ற நிபந்தனை பாலிசியில் இருக்கும். மேலே சொன்ன பில்லில் அறை வாடகை 24,000, அறுவை அரங்கு, மயக்க மருத்துவர் உள்ளிட்ட கட்டணங்கள் 80,000, மருந்தும் பரிசோதனைகளும் 46,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையில் பாதி, அறுவைக் கட்டணத்தில் பாதி, மருந்தும் பரிசோதனையும் முழுதாக என்று கூட்டினால் 98,000 வருகிறது.

இந்தக் கழிவுக்கும் எல்லை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளின்படி மருந்துகள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகிதக் கழிவு செய்யக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் கூடாது. அறையைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் அந்தக் கழிவுக்கே இடமில்லை. ஆகவே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: என் பாலிசிக்கு எந்த அறை பொருந்தும்? அறை மாறினால் மற்றக் கட்டணங்களும் மாறுமா? பொருந்தும் அறை காலியில்லை என்று மேல்தர அறையைக் கொடுத்தால், அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, விண்ணப்பத்தில் நோயை மறைப்பது. முகவரே படிவத்தை நிரப்பிவிடுவதும், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்ற கேள்விகளுக்கு நேராக ‘இல்லை’ என்று குறித்துவிடுவதும், நாம் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதும் சாதாரணமாக நடக்கின்றன. பிறகு ஒரு நாள் மருத்துவமனையில், எத்தனை வருடமாகச் சர்க்கரை என்று மருத்துவர் கேட்க, உடனிருப்பவர் தோராயமாக ஒரு எண்ணைச் சொல்ல, அது நோயாளியின் பதிவேட்டில் ஏறுகிறது. பாலிசி எடுத்த தேதிக்கு முன்னாலேயே நோய் இருந்ததாக அந்த எண் காட்டினால் கிளைம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. அது உயிரோடு விளையாடுவது. உண்மையை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்ச் செலவைக் காப்பீடு ஏற்காத தொடக்கக் காலம், அதிகபட்சம் 36 மாதம்தான். 2024 ஏப்ரலுக்கு முன் அது 48 மாதமாக இருந்தது. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டுமே அதற்கு விலக்கு. இடையில் புதுப்பிக்கத் தவறினால் இந்தக் கணக்கே பாழாகும் என்பதால், பிரீமியத் தேதியைப் போல் காக்க வேண்டிய தேதி வேறில்லை என்பது என் கருத்து.

கேஷ்லெஸ், அதாவது மருத்துவமனைக்குக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் வசதியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சேர்க்கையின்போது வரும் முதல் ஒப்புதல் முழுப் பில்லுக்குமான உறுதி அல்ல. இறுதி ஒப்புதல் டிஸ்சார்ஜ் அன்றுதான் வரும். 2024 மே மாதத்தில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை, முதல் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் அந்த 3 மணி நேரம் மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகே தொடங்குகிறது. மருத்துவர் காலை 9 மணிக்குச் சொல்லியும் பில் பிற்பகல் 2 மணிக்குத்தான் அனுப்பப்பட்டிருக்கலாம். அனுப்பிய நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

பில்லை மொத்தத் தொகையாக மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவது இன்னொரு தவறு. விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கி, மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்த மருந்துகள் கழிக்கப்பட்டனவா, ஒரே பரிசோதனை இரண்டு முறை ஏறியிருக்கிறதா, நாம் கட்டிய முன்பணம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையுறை போன்ற சில பொருட்களுக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை. பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்வதும் பொதுவாகக் காப்பீட்டில் அடங்காது. அதேபோல், சேர்வதற்கு முந்தைய 30 நாளிலும் வீடு திரும்பிய பின் 60 நாளிலும் அதே நோய்க்கு ஆன செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. ஆனால் அந்தச் சிறு பில்களையும் மருந்துச் சீட்டுகளையும் தொலைத்துவிடுவதால் பலர் அதைக் கேட்பதே இல்லை.

கிளைம் மறுக்கப்பட்டால் தொலைபேசியில் சொன்ன காரணத்தோடு விட்டுவிடாதீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, நிறுவனத்தைச் சாராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) ஓராண்டுக்குள் புகார் செய்யலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. புகாருடன் மறுப்புக் கடிதம், பாலிசியின் நகல், டிஸ்சார்ஜ் சுருக்கம், விவரப் பில் ஆகிய நான்கையும் இணைத்து அனுப்புங்கள்.