ஆர்க்கிடெக்சர் படிக்கிறீர்களா? முதலில் அளவு டேப்பை எடுங்கள்

5 வருஷம் பி.ஆர்க் முடித்துவிட்டு முதல் தடவை சைட்டுக்குப் போனேன். மேஸ்திரி "சன்ஷேட் எவ்வளவு நீட்டணும் சார்?" என்றார். முழித்தேன். ஜூரியில் (நம் டிசைனை ஆசிரியர்கள் பார்த்துக் கேள்வி கேட்கும் தேர்வு) யாரும் அதைக் கேட்டதே இல்லை, கான்செப்ட் என்ன என்றுதான் கேட்டார்கள். பாடத்திட்டம் மாறும்போது மாறட்டும், அதுவரை நீங்களே செய்துகொள்ளக்கூடியது இது.

முதல் செமஸ்டர் லீவிலேயே நீங்கள் வசிக்கும் வீட்டை அளந்து வரையுங்கள். சுவர் 9 அங்குலமா நாலரையா, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரம், படி எவ்வளவு உயரம் (7 அங்குலத்தைத் தாண்டினால் பாட்டியின் முழங்காலே சொல்லிவிடும்).

அப்புறம் வெயில். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது என்று படித்திருப்பீர்கள். லண்டனில் பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். நம்பிக்கை வரவில்லையா? ஜூன் மாதம் மொட்டைமாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, 12 மணி வாக்கில் நிழல் தெற்கே விழுகிறதா என்று பாருங்கள். மாலை 4 மணிக்கு மேற்கு அறைக்குள் போய் நில்லுங்கள். தாழ்ந்து வரும் அந்த வெயிலை 2 அடி சன்ஷேட் தடுக்காது. இதை உடம்பால் உணர்ந்தவன் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டுவிட்டு ஏசியை நம்ப மாட்டான்.

ஒரு கொத்தனாரிடம் 50 செங்கல் கேட்டு வாங்கி, கலவை இல்லாமல் அடுக்கிப் பாருங்கள். முதலில் வழக்கமான 9 அங்குலச் சுவர். பிறகு லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் கேரளத்தில் நிறையக் கட்டிய ராட் ட்ராப் முறை: செங்கலைப் படுக்கப்போடாமல் குத்துவாக்கில் நிறுத்த வேண்டும், நடுவில் பொந்து விழும். சுமார் கால்வாசி செங்கல் மிச்சமாவது ஷீட்டில் வரைந்தால் தெரியாது, கையில் மீந்து நிற்கும்போது தெரியும். ரசமட்டம் (தளம் சமமா என்று பார்ப்பது), தூக்குக்குண்டு (சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது) பிடிக்கவும் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கடைசியாக, பயிற்சிக்குச் சேரும்போது மூன்று கேள்வி: மாதம் எவ்வளவு தருவீர்கள், வாரத்தில் எத்தனை நாள் சைட், இரவு எத்தனை மணி வரை. "கற்றுக்கொள்ள வந்த இடத்தில் காசு எதற்கு" என்று எனக்கு ஓர் ஆபீசில் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டு ஆறு மாதம் கழிவறை டைல்ஸ் வரைந்தேன். நீங்கள் பதிலை மெயிலில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.